கப்பல் கம்பனி தொடங்கிய சட்டத்தரணி

சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு இன்று புத்திமதி கூறுவோர் பலருளர். வங்கிகள் கடன் தருகின்றன, நிறுவனங்கள் பயிற்சி தருகின்றன, மேடைகளில் வெற்றி பெற்றவர்களின் கதைகள் எடுத்துரைக்கப்படுகின்றன. தோற்றவர்களின் கதைகளை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. எனவே, நாம் இன்று அவ்வாறான ஒருவரின் வாழ்க்கையைச் சற்று நினைவுகூர விரும்புகின்றோம். அவர் எமது வாசகர்கள் அறியாதவரல்லர். வ.உ. சிதம்பரம்பிள்ளை என்றதும் சிறையில் செக்கிழுத்த உருவமே எமது கண்முன் வருகின்றது. 1961ஆம் ஆண்டில் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் திரைப்படத்தில் சிவாஜி கணேசனின் நடிப்பைக் கண்டவர்களுக்கு அவ்வுருவம் மறக்கக்கூடியதன்று. ஆனால் செக்கிற்கு முன்னர் ஒரு கம்பனி இருந்தது. பங்குகளும் பணிப்பாளர்களும் கட்டண விகிதங்களும் கொண்ட அந்தக் கம்பனி ஓடிய வழி தூத்துக்குடிக்கும் எமது கொழும்புத் துறைமுகத்திற்கும் இடையிலான கடல்வழியாகும்.

திருநெல்வேலி மாவட்டத்தின் ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் உலகநாதபிள்ளையும் சட்டத்தரணியே. மகனும் அதே தொழிலில் தேர்ச்சிபெற்று, 1900ஆம் ஆண்டளவில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். வருமானம் இருந்தது, மதிப்பும் இருந்தது. வறுமையின் காரணமாகவோ வேறு வழியின்மையாலோ வர்த்தகத்தில் இறங்கியவரல்லர் அவர் என்பதை இங்கு நாம் அழுத்திக் கூறவேண்டும். இழப்பதற்கு நிறையவே வைத்திருந்த ஒருவர்தான் அந்த முயற்சியில் இறங்கினார்.

அக்காலத்தில் தூத்துக்குடி - கொழும்பு மார்க்கம் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பனியின் தனியுரிமை போன்றிருந்தது. தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களும், இரு கரைகளிலும் கடை வைத்திருந்த இந்து, முஸ்லிம் வணிகர்களும், அவர்களின் சரக்கு மூடைகளும் அக்கம்பனி கேட்ட கட்டணத்தைக் கொடுத்தே கடலைக் கடக்கவேண்டியிருந்தது. தூத்துக்குடியில் அதன் முகவர்களாக ஏ. அன்ட் எப். ஹார்வி நிறுவனத்தார் இருந்தனர். அந்நகரின் கோரல் பஞ்சாலையை நடத்தியவர்களும் அவர்களே. இந்த இரட்டைத் தொடர்பு பின்னர் கதையில் பெரும்பங்கு வகிக்கப்போகின்றது.

1905இல் வங்காளப் பிரிவினைக்கு எதிராக எழுந்த சுதேசிய இயக்கம் தென்கோடியையும் எட்டியது. சிதம்பரம்பிள்ளை நெசவுச்சாலையும் பண்டகசாலையும் அமைத்துப் பார்த்தார். கப்பல் தொழிலுக்கு அவர் வந்தது அதன் பின்னரே. 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி சுதேசிய நீராவிக் கப்பல் கம்பனி சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபா. அது ரூபா 25 வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகப் பெருமகன் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாவுக்கு, எடுத்துச் செயலாளர் பொறுப்பையும் ஏற்றார். சிதம்பரம்பிள்ளை உதவிச் செயலாளர். பதவியின் பெயர் சிறிது, சுமை முழுவதும் அவருடையதே. கம்பனியின் மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு முஸ்லிம் வர்த்தகர் தனியாளாக ஏற்றார் என்பதைத் திரைப்படத்தின் வாயிலாக மட்டும் இவ்வரலாற்றை அறிந்தோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

ஆரம்பத்தில் கம்பனியிடம் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடமிருந்து கப்பல்களை வாடகைக்குப் பெற்று ஓடவிட்டார்கள். போட்டிக் கம்பனியின் நெருக்குதலால் அந்த ஒப்பந்தம் திடீரென முறிந்தது. பயணிகளும் சரக்கும் காத்திருக்கக் கப்பல் இல்லாத கப்பல் கம்பனியாக அது நின்றது. உடனடியாகக் கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பெற்று நிலைமையைச் சமாளித்தார்கள். பிறருடைய பொருளை நம்பித் தொழில் செய்வதன் ஆபத்தை அந்த அனுபவம் சிதம்பரம்பிள்ளைக்குக் கற்பித்தது. கப்பலுடனன்றித் திரும்புவதில்லை என்ற உறுதியோடு அவர் வட இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவ்வேளையில் வீட்டில் மகன் நோயுற்றிருந்தான், மனைவி கருவுற்றிருந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் கம்பனிக்குச் சொந்தமாயின. ஒவ்வொன்றும் 42 முதல் வகுப்புப் பயணிகளையும், 24 இரண்டாம் வகுப்புப் பயணிகளையும், 1,300 சாதாரணப் பயணிகளையும், 4,000 மூடை சரக்கையும் ஏற்றக்கூடியது.

சொந்தத் தொழிலின் பலன் என்று கூறக்கூடியது இந்தக் காலப்பகுதியில்தான் கிடைத்தது. அது பணமாக அவர் கைக்கு வந்தது என்று சொல்வதற்கில்லை. வணிகர்கள் தமது சரக்கைப் பழைய கம்பனியிடமிருந்து திருப்பி இக்கப்பல்களில் ஏற்றினர். தூத்துக்குடிக் கடைக்காரனும் கொழும்பு வர்த்தகனும் முதன்முறையாகக் கட்டணம் குறித்துப் பேரம்பேசும் நிலைக்கு வந்தனர்.

பிரிட்டிஷ் இந்தியா கம்பனி தனது கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசியக் கம்பனி எட்டணாவாகக் குறைத்தது. அடுத்து வெள்ளையர் கம்பனி, கட்டணமே வேண்டாம், இலவசமாக ஏறுங்கள், ஒரு குடையும் தருகின்றோம் என்ற நிலைக்குச் சென்றது. இன்று இதைக் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் கணக்குப் பார்த்தால் அதில் சிரிப்பதற்கு ஏதுமில்லை. ரங்கூன், பாரசீக வளைகுடா, கிழக்கு ஆபிரிக்கா எனப் பல மார்க்கங்களில் கப்பல் ஓட்டி, அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தங்களாலும் வருமானம் பெற்ற ஒரு நிறுவனத்திற்குத் தூத்துக்குடி மார்க்கத்தின் நட்டம் ஒரு சிறு செலவு. இரு கப்பல்களும் ஒரே மார்க்கமும் உடைய கம்பனிக்கோ, வெறுமையாகச் செல்லும் ஒவ்வொரு பயணத்திலும் நிலக்கரிச் செலவும் மாலுமிகளின் சம்பளமும் மூலதனத்திலிருந்தே போகவேண்டும். மலிவாக விற்பவன் வெல்வதில்லை, நட்டத்தை நீண்டநாள் தாங்கக்கூடியவனே வெல்கின்றான் என்பது அன்றைய கடலிலும் இன்றைய சந்தையிலும் ஒன்றே. இதற்கு மேலாக, துறைமுகத்திலும் சுங்கத்திலும் வைத்தியப் பரிசோதனையிலும் அதிகாரிகள் காட்டிய பாரபட்சம் வேறு. கம்பனியை விலைக்கு வாங்கவும் எதிர்த்தரப்பு முயன்றது. சிதம்பரம்பிள்ளை இணங்கவில்லை.

1908ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி கோரல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதனை முன்னின்று நடத்தியவர்கள் சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆவர். சில நாட்களில் நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, வாராந்த விடுமுறையும் கிடைத்தது. கடலில் தமது வருமானத்தைக் குறைத்தவரே கரையிலும் தமது ஆலையைப் பணியவைத்ததை ஹார்வி நிறுவனத்தார் பார்த்திருந்தனர். மார்ச் 12ஆம் திகதி சிதம்பரம்பிள்ளையும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட கலகத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு நால்வர் பலியாகினர். ஜூலை 7ஆம் திகதி நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். நாற்பது ஆண்டுகள்! தீர்ப்பைக் கேட்ட இளைய சகோதரர் மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேன்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

அந்த வேலைநிறுத்தத்தில் அவர் ஈடுபட்டிருக்கக்கூடாது என்று வாதிடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். பல நூறு பேரின் பணத்தைப் பொறுப்பேற்ற ஒருவர் தம்மைச் சிறைக்கு அனுப்பக்கூடிய காரியத்தில் தலையிடலாமா என்பது அவர்களின் கேள்வி. இதனை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கம்பனி முழுவதும் ஒரு மனிதரின் தோளில் நின்றது. அவர் இல்லாதபோது அதை நடத்த எவரும் தயாராக இருக்கவில்லை. அது நிச்சயமாக ஒரு குறையே. ஆயினும் மக்களின் தேசிய உணர்வை நம்பியே அந்தப் பங்குகள் விற்கப்பட்டன. அரசியலை விட்டு ஒதுங்கிய ஒரு சிதம்பரம்பிள்ளையை நம்பி எத்தனை பேர் தமது 25 ரூபாவைக் கொடுத்திருப்பார்கள்? கம்பனிக்கு உயிர் கொடுத்ததும் அதற்கு உலை வைத்ததும் ஒரே காரணமாக இருந்தது என்பதே எமது கருத்தாகும்.

அவர் கோயம்புத்தூர்ச் சிறையிலும் பின்னர் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்த காலத்தில் கம்பனி தளர்ந்தது. 1911இல் அது கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்று போட்டிக் கம்பனியின் கைக்கே சென்றது என்ற செய்தி அவரைச் சிறைத் தண்டனையைக் காட்டிலும் வருத்தியதாகக் கூறுவர்.

1912ஆம் ஆண்டு டிசம்பரில் சிறை வாயிலைத் தாண்டி அவர் வெளியே வந்தபோது பெருங்கூட்டம் ஏதும் காத்திருக்கவில்லை. முன்னரே விடுதலையாகியிருந்த சிவாவும் வேறு சிலருமே வந்திருந்தனர். சட்டத்தரணி உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. திருநெல்வேலிக்குத் திரும்பவும் அனுமதியில்லை. சென்னையில் குடியேறி, மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துப் பிழைக்க முயன்றார். பத்து இலட்சம் ரூபா மூலதனத்தில் கம்பனி அமைத்தவருக்கு அந்தச் சிறு கடைகள் கைகொடுக்கவில்லை. வரையறுக்கப்பட்ட கம்பனி என்ற சட்ட ஏற்பாட்டில் பங்காளர் இழப்பது தாம் இட்ட பணத்தை மட்டுமே. அதைத் தோற்றுவித்தவரின் இழப்புக்கு எந்தச் சட்டமும் எல்லை வகுக்கவில்லை.

பின்னர் கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் சிலகாலம் பணியாற்றினார். நீதிபதி வாலஸ் என்ற ஆங்கிலேயரின் உதவியால் உரிமம் மீண்டும் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தமது மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் வழக்காடினார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். 1930களில் தூத்துக்குடிக்கே திரும்பிய அவர், 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி, தமது விருப்பப்படி அந்நகரின் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர்நீத்தார்.

அவர் காலமாகிப் பல்லாண்டுகளின் பின்னர், 2011ஆம் ஆண்டு ஜூனில், கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் பயணிகள் கப்பல் சேவை மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலேயே அது நின்றுபோனது.

இறப்பதற்குச் சற்று முன்னர் சிதம்பரம்பிள்ளை எழுதிவைத்த உயில் இன்றும் கிடைக்கின்றது. தாம் கொடுத்துத் தீர்க்கவேண்டிய கடன்களை அதில் அவர் வரிசையாகக் குறித்துள்ளார். வீட்டு வாடகை, எண்ணெய்க் கடைப் பாக்கி, சில்லறைக் கடன் என எல்லாம் சிறு தொகைகளே. ஒரு வணிகனின் பேரேட்டைப் போல, எவருடையதையும் விட்டுவிடாமல் எழுதியிருக்கின்றார்.