கத்தரிக்கோல் ஏந்திய கலைஞர்

சென்ற ஆண்டு என் தாத்தா காலமானார். பதினாறாம் நாள் காரியத்திற்குப் பேனர் அடிக்க, அவருடைய தனிப்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. சித்தப்பாவின் திருமணத்தில் எடுத்த குழுப்படம் ஒன்றே இருந்தது. கணினி தெரிந்த பேரன் என்ற முறையில், அதிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுக்கும் பணி என்மேல் விழுந்தது. வெள்ளைச் சுவரின் முன்னே வெள்ளை வேட்டி. எங்கே வேட்டி முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. போட்டோஷாப்பில் புள்ளி புள்ளியாக வைத்து உருவத்தைச் சுற்றி வருவதற்குள் இரவு இரண்டு மணி ஆகிவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் தாத்தாவின் வலக்கை அத்தையின் தோள்மேல் இருந்தது. அத்தையை நீக்கியதும் அந்தக் கை அந்தரத்தில் நின்றது. அதையும் அழித்து, மேல்துண்டை நீட்டி மறைத்துவிட்டேன். பேனரைப் பார்த்த அப்பாயி, அவர் கை எங்கே என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வி மனத்தை உறுத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் ஜான் ஹார்ட்ஃபீல்டின் படங்கள் அடங்கிய நூல் ஒன்று கைக்குக் கிட்டிற்று. கணினியைக் காணாமலே, கத்தரிக்கோலும் பசையும் கொண்டு மனிதர்களைப் படத்திலிருந்து பெயர்த்தெடுத்த ஜெர்மானியர் அவர். அவர் வாழ்வை மாணவ நண்பர்கள் அறிய வேண்டும் என்ற ஆவலால் இதனை எழுதுகிறேன்.

பெர்லினில் 1891 ஜூன் 19 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். தந்தை சமதர்மக் கொள்கை கொண்ட எழுத்தாளர். தாய் நெசவுத் தொழிலாளி. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் அருகே மலைக்குடில் ஒன்றில் அக்குடும்பம் வறுமையில் வாழ்ந்தது. 1899-இல் ஒரு நாள் தாயும் தந்தையும் மறைந்துபோயினர். எட்டு வயதுச் சிறுவனும் அவனுக்கு இளைய மூவரும் அநாதைகளாயினர். ஊரார் எடுத்து வளர்த்தனர். குடும்பம் என்னும் படத்திலிருந்து தானே வெட்டி எறியப்பட்டவர், பின்னாளில் வெட்டுதலையே கலையாக்கினார் என்று எண்ணத் தோன்றுகிறது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

முதல் உலகப்போரின்போது ஜெர்மனியில் ஆங்கிலேயர்மீது வெறுப்பு கொழுந்துவிட்டெரிந்தது. அதற்கு எதிர்ப்பாக 1916-இல் தம் பெயரையே ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டார். தம்பி வீலாண்டுடன் சேர்ந்து மாலிக் என்னும் பதிப்பகத்தை நடத்தினார். நூல்களுக்கு அவர் செய்த அட்டைகள் புதுமையானவை. போருக்குப் பின் பெர்லின் தாதா இயக்கத்தில் ஓவியர் ஜார்ஜ் கிராஸோடு இணைந்து நின்றார். புகைப்படத் துண்டுகளை ஒட்டிப் புதுப்படம் ஆக்கும் முறையை முதலில் கண்டவர் யார் என்பதில் அந்த நண்பர்களுக்குள்ளேயே சச்சரவு உண்டு. அது நமக்கு வேண்டாம்.

அவருடைய உண்மையான களம் ‘ஏ.ஐ.இசட்.’ என்ற தொழிலாளர் வார இதழ். 1930 முதல் 1938 வரை அதற்காக 200-க்கும் மேற்பட்ட ஒட்டுப்படங்களைச் செய்தார்.

அவர் வேலை செய்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெரும்பாலும் தாமே படம் எடுப்பதில்லை. பத்திரிகைப் படங்களைத் தேடுவார். கிடைக்காததைப் புகைப்படக்காரரைக் கொண்டு எடுக்கச் செய்வார். உருவங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவில் அச்சுப்படம் வரும்வரை அவரை விடமாட்டாராம். இருட்டறையில் அருகிலேயே நிற்பாராம். பிறகு கத்தரிக்கோல். வெட்டிய தாளுக்கும் தடிமன் உண்டல்லவா? ஒட்டிய படத்தை மீண்டும் கேமராவில் பிடிக்கும்போது அந்த விளிம்பு நிழல் விழுத்திக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே விளிம்புகளைத் தூரிகையாலும் வண்ணம் தெளிக்கும் கருவியாலும் சாம்பல் நிறத்திற்குச் சாம்பல் நிறமாக இணக்க வேண்டும். அதன்பின் முழுவதையும் ஒரே படமாக எடுத்து, செப்புருளை அச்சில் ஏற்றினால் ஒட்டுத் தெரியாது. நான் ஓர் இரவில் சலித்துக்கொண்டு செய்ததை, அவர் ஆண்டுக்கணக்கில் செய்தார்.

1932-இல் வெளிவந்த படம் ஒன்றில் ஹிட்லர் முழங்கிக்கொண்டிருக்கிறார். மார்பு மட்டும் எக்ஸ்ரே படம். முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் தங்க நாணயங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன! அதே ஆண்டு அக்டோபரில் வந்த மற்றொரு படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. கையை மடக்கிப் பின்னோக்கி உயர்த்தி வணக்கம் ஏற்கும் ஹிட்லரைச் சுத்தமாக வெட்டி எடுத்து, பின்னால் மலைபோன்ற ஒரு பணக்காரரை நிறுத்தியிருக்கிறார். அந்த ஆள் குனியாமலே ஹிட்லரின் உள்ளங்கையில் பணக்கட்டை வைக்கிறார். கையில் மாற்றம் எதுவும் இல்லை. விரல் ஒன்றுகூட அசையவில்லை. சூழல் மாறியதும் வணங்கும் கை வாங்கும் கையாகிவிட்டது.

நான் அழித்துப் பெற்றது சுத்தமான படம். அவர் அந்தக் கையை வைத்துக்கொண்டதால்தான் அவர் படம் பேசுகிறது.

பேசிய படத்திற்கு விலை உண்டு. 1933 ஏப்ரலில் நாஜிப் படையினர் அவர் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்தனர். குள்ளமான அந்த மனிதர் மேன்மாடத்திலிருந்து கீழே குதித்துக் குப்பைத் தொட்டிக்குள் ஒளிந்து தப்பினார்; பிறகு மலைகளை நடந்தே கடந்து செக்கோஸ்லோவாகியா சேர்ந்தார். பிராகில் 1934-இல் நடந்த கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றபோது ஜெர்மன் தூதரகம் எதிர்ப்புத் தெரிவித்தது. சில படங்கள் சுவரிலிருந்து எடுக்கப்பட்டன. அவருடைய குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 1938-இல் இங்கிலாந்துக்கு ஓடினார். ஆங்கிலப் பெயர் தாங்கியவரை 1940-இல் அந்நாடே பகைநாட்டான் என்று முகாமில் அடைத்தது! உடல்நலக் குறைவால் விடுதலையாகி, பதிப்பகங்களுக்கு அட்டை வரைந்து பிழைத்தார்.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. அவர் பற்று வைத்திருந்த சோவியத் நாட்டில், அதே காலத்தில் வேறு வகை வெட்டு நடந்தது. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினின் அருகே நின்ற எஷோவ், 1940-இல் சுட்டுக்கொல்லப்பட்டபின் படத்திலிருந்தும் மறைந்தார்; அவர் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டுமே இருந்தது. அந்தத் திசையில் ஹார்ட்ஃபீல்டின் கத்தரிக்கோல் திரும்பியதாக எனக்குத் தெரியவில்லை. அது அவர் குறையே.

1950-இல் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பியவரை அந்த அரசும் சந்தேகக் கண்கொண்டு பார்த்தது. மேலைநாட்டில் வாழ்ந்தவராம்! நாடகாசிரியர் பிரெக்ட் போன்றோர் வாதாடிய பிறகே, 1956-இல் கலை அகாதெமி அவரை உறுப்பினராக ஏற்றது. 1968 ஏப்ரல் 26 அன்று பெர்லினில் காலமானார்.

அவர் ஒட்டிய மூலப்படங்கள் இன்று பெர்லின் கலை அகாதெமியின் காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் சிலவற்றைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சில் தெரியாத பசைக்கறையும், விளிம்பில் தூரிகை ஓடிய தடமும் அங்கே தெளிவாகத் தெரிந்தன. அருகில் வந்த அப்பாயியிடம் அந்த வணக்கப் படத்தைக் காட்டினேன். அவர் முதலில் பார்த்தது கையைத்தான்.