பட்டறையிலிருந்து ஆலயத்திற்கு

ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில் 1852ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் பிறந்தவர் அந்தோனி கௌடி. அவர்தம் தந்தையார் செப்புக் கலங்கள் செய்யும் கன்னார், பாட்டனாரும் அத்தொழிலினரே. இளமையில் முடக்குவாதத்தால் துன்புற்ற கௌடி, பிற சிறுவரோடு ஓடியாட இயலாமல், செடிகொடிகளை உற்றுநோக்கிப் பொழுது போக்கினார். தட்டையான செப்புத் தகடு சுத்தியலின் அடிகளால் வளைந்து கலமாவதைப் பட்டறையில் கண்டார். பொருள்களின் வடிவத்தை மனக்கண்ணால் காணும் ஆற்றல் அக்குலத்தொழிலால் தமக்கு வாய்த்தது என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

கௌடி 1878இல் பார்சிலோனாவில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு பாரிசுக் கண்காட்சியில் இடம்பெற, கையுறை வணிகர் ஒருவருக்கு அவர் வடிவமைத்த கண்ணாடிப் பேழை, யூசெபி குயெல் என்னும் செல்வரைக் கவர்ந்தது. குயெலின் மாமனார் கோமில்லாஸ் என்னும் ஊரில் எழுப்பிய சிற்றாலயத்திற்கு இருக்கைகள் வடிவமைக்கும் பணி கௌடிக்குக் கிடைத்தது. 1883இல் பார்சிலோனாவின் திருக்குடும்பப் பேராலயப் பணியையும் அவர் ஏற்றார்.

குயெல் தம் நெசவாலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் ஆலயம் கட்டுமாறு கௌடியை வேண்டினார். 1908இல் தொடங்கிய பணி, 1914இல் பொருளுதவி நின்றமையால் தடைப்பட்டது. கோபுரங்கள் எழவில்லை, கீழ்த்தளம் மட்டும் 1915இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. ஆயினும் அதனுள் அமைந்த பொருள்கள் குறைவற்றவை. மரமும் இரும்பும் இணைந்த இருக்கைகளைக் கௌடியே வடிவமைத்தார். புனித நீர் ஏந்தும் பெருஞ்சிப்பிகளைத் தேனிரும்புத் தாங்கிகள் தாங்குகின்றன. நெசவாலையில் பயன்பட்டுக் கழிந்த ஊசிகள் பலகணிகளின் கிராதிகளாயின. உழைப்போர் கையாண்ட கருவியே அவர்கள் வழிபடும் இடத்தின் அணியாயிற்று.

1926 சூன் 7ஆம் நாள் கௌடி டிராம் வண்டியால் மோதப்பட்டார். எளிய உடையைக் கண்டோர் அவரை இரவலர் என எண்ணினர். சிறந்த மருத்துவம் உடனே கிட்டவில்லை. மூன்று நாள் கழித்து அவர் மறைந்தார். திருக்குடும்பப் பேராலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டார். கழிந்த ஊசியிலும் அழகைக் கண்டவரை, உலகம் உடையைக் கொண்டே அளந்தது.

சொற்பொருள்
கன்னார் – செம்பு, பித்தளை வேலை செய்வோர்
தேனிரும்பு – அடித்து வளைத்தற்குரிய இரும்பு
பலகணி – சன்னல்
கிராதி – கம்பித் தடுப்பு
இரவலர் – பிச்சை ஏற்போர்

வினாக்கள்
1. தந்தையாரின் தொழில் கௌடிக்கு எவ்வாறு உதவியது?
2. நெசவாலை ஊசிகள் எவ்வாறு பயன்பட்டன?
3. உடையைக் கொண்டு ஒருவரை மதிப்பிடலாமா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.