புளிப்புக்கு எண் கொடுத்த சோரன்சன்

'பிஎச் 5.5' என்று அச்சிட்ட குழந்தைகளுக்கான குளியல் கட்டிகளை நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

டென்மார்க்கில் ஹாவ்ரெபியர்க் என்ற சிற்றூரில், 1868 ஜனவரி 9 அன்று ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர் சோரன் சோரன்சன். மருத்துவம் படிக்க எண்ணி கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், வேதியியல் பக்கம் திரும்பினார். 1901ல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் வேதியியல் துறைக்குத் தலைவரானார்.

கார்ல்ஸ்பெர்க் ஒரு பீர் ஆலை. நமக்கு ஹராமான ஒரு பானத்தின் ஆலையா என்று தயங்கத் தோன்றும். ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தை நிறுவியவர் ஒரு விதி வைத்திருந்தார்: அங்கே கண்டறியப்படும் பயனுள்ள எதையும் ரகசியமாக மறைக்கக் கூடாது. அந்த நல்ல விதியின் பலனை இன்று உலகமே அனுபவிக்கிறது.

சோரன்சன் அங்கே நொதிகளை ஆராய்ந்தார். கரைசலின் அமிலத்தன்மை சற்று மாறினாலும் நொதியின் வேலை மாறியது. அந்தச் சிறு மாற்றத்தை எழுத 0.0000001 என்று பூஜ்ஜியங்களை அடுக்க வேண்டியிருந்தது. 1909ல் அவர் இதை 7 என்று சுருக்கினார். அதுவே பிஎச். தூய நீருக்கு 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எண் குறைந்தால் வீரியமும் குறைவு என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அமிலத்தைப் பொறுத்தவரை நேர்மாறு: எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. நம் தோலின் மேற்பரப்பு சுமார் 5, சாதாரண சோப்பு 9 முதல் 10 வரை. பார்வைக்கு நான்கு படிதான், கணக்கிலோ பத்தாயிரம் மடங்கு! தோலின் இந்த மெல்லிய புளிப்புக்கு 'அமிலப் போர்வை' என்று பெயரிட்டவர்கள் ஷாடே, மார்கியோனினி என்ற ஜெர்மானிய மருத்துவர்கள், ஆண்டு 1928. சோரன்சனின் அளவுகோல் இல்லாமல் அதை அளந்திருக்க முடியாது. காரமான சோப்பில் அடிக்கடி கை கழுவினால் அந்தப் போர்வை குலைந்து, தோல் வறண்டு வெடிக்கிறது. நாள் முழுக்கப் பாத்திரம் தேய்க்கும் நம் வீட்டுப் பெண்களின் கைகளைப் பார்த்தால் தெரியும்.

கழிவறைக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அளவுகோலின் ஒரு கோடியில், 1க்கு அருகில் நிற்கிறது. பிளீச்சிங் திரவம் மறுகோடியில், 11க்கும் மேலே. இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று எண்ணிக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிவருவது நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு. எனவே ஒருபோதும் கலக்கக் கூடாது. அமிலத்தை அளவின்றிக் கொட்டினால் கழிவுத் தொட்டியில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. கழிவுநீர் நேராகக் குளத்தில் சேரும் ஊர்களில் பாதிப்பு மீன்களுக்கும்தான். பெரும்பாலான நன்னீர் மீன்களுக்கு 6.5க்கும் 9க்கும் இடைப்பட்ட நீர் வேண்டும்.

சோரன்சனின் பிற்கால ஆராய்ச்சி புரதங்களைப் பற்றியது. மனைவி மார்கிரேத்தும் ஆய்வுக்கூடத்தில் உடன் உழைத்தார். நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை. 1938ல் ஓய்வு பெற்றவர், மறு ஆண்டு பிப்ரவரி 12 அன்று காலமானார்.