இளவரசி நிலோபர்

நிலோபர் என்றதும் நம் மாணவர் பலருக்கு ரெட்ஹில்ஸ் தேநீர்தான் நினைவுக்கு வரும். அதே பெயரில் அருகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனை ஒன்று உண்டு. அந்தப் பெயருக்குரியவர் துருக்கியில் பிறந்த ஓர் இளவரசி.

1916-இல் இஸ்தான்புல்லில், உதுமானிய அரச குலத்தில் நிலோபர் பிறந்தார். தந்தையைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். 1924-இல் துருக்கிக் குடியரசு அக்குலத்தார் அனைவரையும் நாடு கடத்தியது. தாயும் மகளும் பிரான்சின் தென்கடற்கரையில் நீஸ் நகரை அடைந்தனர். அரண்மனையில் பிறந்தவர் அகதியாக வளர்ந்தார். அந்நகரிலேயே 1931-இல் நிஜாமின் இளைய மகன் மோஜம் ஜாவை மணந்து ஐதராபாத் வந்தார். அப்போது வயது பதினைந்து! பேரழகி என்று உலகம் புகழ்ந்தது. ஆனால் ஆண்டுகள் ஓடியும் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை.

1949-இல் அவருடைய பணிப்பெண் ஒருத்தி மகப்பேற்றின்போது இறந்தாள். நகரில் மகப்பேற்று மருத்துவமனை இல்லாமல் இல்லை. தக்க உதவி தக்க வேளையில் அவளுக்குக் கிட்டவில்லை. அரண்மனையை அண்டி வாழ்ந்தவளுக்கே இந்தக் கதி என்றால், குடிசையில் இருந்தவள் நிலை என்ன? நிலோபர் அழுததோடு நிற்கவில்லை. தாய்க்கும் சேய்க்கும் ஒரே இடத்தில் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று முனைந்தார். 1953-இல் மருத்துவமனை எழுந்தது.

தாயும் சேயும் ஓரிடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதைக் குறைமாதக் குழந்தையிடம் காணலாம். முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறப்பதே குறைமாதப் பிறப்பு. அச்சிசுவுக்குத் தோலின்கீழ்க் கொழுப்பு குறைவு. உடற்சூடு விரைவில் போய்விடும். முப்பத்து நான்கு வாரத்துக்கு முன் பிறந்ததற்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் ஒழுங்கு அமைந்திராது. தாய்ப்பாலைக் கறந்து குழாய் வழியே ஊட்டவேண்டும். நுரையீரலும் முதிர்ந்திராது. அதை முதிர்விக்கும் ஊசியையோ பிறக்குமுன் தாய்க்குப் போடவேண்டும். தாய் நேரத்தில் வந்து சேராவிட்டால் அந்த ஊசியால் என்ன பயன்?

சூடு காக்கும் கண்ணாடிப் பெட்டியைச் செம்மைப்படுத்திய அலெக்சாந்தர் லியோன், 1890-களில் அதே நீஸ் நகரில்தான் குறைமாதக் குழந்தைகளைப் பேணினார். நிலோபர் அதை அறிந்திருந்தாரோ என்னவோ! பெட்டி போதாத பொகோட்டா நகரத்து மருத்துவர்களோ, 1978-க்குப் பின் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டினர். கங்காரு முறை எனப்படும் இது இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பாட்டிமார் துணியில் பொதிந்து மடியில் வைத்துக் காத்ததும் சூட்டைக் காக்கத்தான். ஆனால் பிறந்தவுடன் குளிப்பாட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்; எடை குறைந்த சிசுவுக்கு அது ஆபத்து.

தெலங்கானாவின் பல ஊர்களிலிருந்தும் இத்தகைய சிசுக்கள் இன்று ரெட்ஹில்சுக்கு வருகின்றன.

நிலோபரின் மணவாழ்வு மருத்துவமனை எழுவதற்கு முந்திய ஆண்டே, 1952-இல், முறிந்தது. பிறகு அவர் பாரிசில் வாழ்ந்தார். 1963-இல் எட்வர்டு போப் என்ற அமெரிக்கரை மறுமணம் செய்துகொண்டார். கடைசிவரை குழந்தை இல்லை. 1989 சூன் திங்களில் பாரிசில் மறைந்தார். அந்நகரை அடுத்த பொபிஞ்ஞியில் அடக்கம் செய்யப்பட்டார்.