தோற்றாலும் அவையை விட்டு அகலாத காயிதே மில்லத்

பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். தருமபுரி மாவட்டத்தின் இந்த ஐந்து சட்டமன்றத் தொகுதிகளில் எதிலும் நம் சமுதாயம் சிறு எண்ணிக்கைதான். நாம் ஓட்டுப் போட்டு என்ன மாறப்போகிறது என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்களை அடிக்கடி சந்திக்கிறோம். கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் வாழ்க்கையே அவர்களுக்குப் பதில்.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அவர்கள், ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் பட்டப்படிப்பைத் துறந்து விடுதலைப் போராட்டத்துக்கு வந்தார்கள். 1946 முதல் 1952 வரை சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்கள். பிரிவினைக்குப் பின் முஸ்லிம் என்றாலே சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட நேரத்தில், 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைமையை ஏற்றார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் ஷரீஅத் தனியார் சட்டத்துக்குப் பாதுகாப்புக் கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார்கள், ஏற்கப்படவில்லை. தனித்தொகுதி முறைக்காக வாதிட்டார்கள், அதுவும் தோற்றது. தமிழின் தொன்மையைச் சுட்டி அதன் தகுதிக்காகவும் பேசினார்கள். தோற்றதற்காக அவையை வெறுக்கவில்லை. 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், பிறகு மக்களவையிலும் பணியைத் தொடர்ந்தார்கள். தமிழரான அவர்களை 1962, 1967, 1971 என மூன்று முறை தேர்ந்தெடுத்து அனுப்பியது கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி.

1967 தேர்தலில் அறிஞர் அண்ணாவின் தி.மு.க.வோடும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடும் கைகோத்தார்கள். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அன்று நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கொள்கையில் வேறுபட்டவர்கள் ஒன்றுசேர்ந்ததில், தமிழகத்தில் ஆட்சியே மாறியது. சிறு எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1972 ஏப்ரலில் மறைந்த அவர்கள், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்கள். சென்னை அண்ணா சாலையில் உள்ள அரசு மகளிர் கல்லூரி இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆண்டுதோறும் நினைவுகூர்வது மட்டும் போதாது. வாக்காளர் பட்டியலில் நம் வீட்டார் பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் கூடும் கிராம சபைக்குச் சென்று, மையவாடிப் பாதையோ குடிநீரோ, ஊரின் தேவையை எழுந்து நின்று கேட்போம். இன்று நிறைவேறாவிட்டால் அடுத்த கூட்டத்திலும் கேட்போம். அவர்கள் காட்டிய வழி அதுதான்.

அல்லாஹ் அவர்களின் மண்ணறையைப் பிரகாசமாக்கி வைப்பானாக. ஆமீன்.