சாக்ரட்டீஸ் கண்ட அறிவு



கிரேக்க தேசத்து ஏதென்ஸ் பட்டணத்தில், ஏறக்குறைய கி.மு. 470-ம் ஆண்டில் பிறந்த ஒரு மனிதரைப்பற்றி இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் சாக்ரட்டீஸ். தகப்பனார் கல்தச்சர், தாயார் மருத்துவச்சி. அவர் ஒரு நூலும் எழுதி வைக்கவில்லை. சீடர்களான பிளேட்டோவும் செனபோனும் எழுதியவற்றைக் கொண்டே அவரை அறிகிறோம். ஆகையால் எது குருவின் கருத்து, எது சீடருடையது என்று பிரித்துக் காண்பது கற்றவர்களுக்கும் கடினமான காரியம்.

பார்வைக்கு அவர் அழகற்றவர். சப்பை மூக்கு, பிதுங்கிய கண்கள். பனிக்காலத்திலும் வெறுங்காலோடு நடப்பார். மூன்று யுத்தங்களில் போர்வீரராக நின்றவர். மனைவி சாந்திப்பே, ஆண்மக்கள் மூவர். அந்த அம்மாளைக் கோபக்காரி என்று உலகம் இன்னும் ஏசுகிறது. ஒருவரிடமும் கூலி வாங்காமல் நாளெல்லாம் சந்தைவெளியில் பேசிக்கொண்டிருந்த கணவரோடு குடித்தனம் நடத்தியவளுக்காகப் பரிந்து பேசத்தான் ஆள் இல்லை!

கேரபோன் என்ற நண்பர் தெல்பி கோவிலுக்குப் போய், சாக்ரட்டீஸைவிட ஞானமுள்ளவன் உண்டோ என்று குறி கேட்டார். ஒருவனும் இல்லை என்று பதில் வந்தது. சாக்ரட்டீஸ் திகைத்தார். தமக்கு ஒன்றும் தெரியாதென்று தாமே அறிவாரே! ஆகவே ஞானிகள் எனப் பேர்பெற்றோரைத் தேடிச்சென்று கேள்வி கேட்கத் தொடங்கினார். அரசியல்வாதிகள் சொன்னதற்குக் காரணம் கேட்டால் தடுமாறினார்கள். கவிஞர்கள் தங்கள் பாட்டுக்கே பொருள் சொல்ல அறியாதிருந்தார்கள். கைத்தொழிலாளருக்குத் தங்கள் தொழில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் அதனாலேயே மற்றப் பெரிய காரியங்களும் தெரியும் என்று எண்ணிவிட்டார்கள். தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று உணர்ந்திருப்பது ஒன்றே தமக்குள்ள ஞானம் என்று அவர் முடிவு செய்தார்.

அவர் கற்பித்த விதத்தை நீங்களே பார்க்கலாம். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மேனோன் என்னும் செல்வரின் அடிமைச் சிறுவனை அழைத்து, இரண்டு அடிப் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து காட்டினார் சாக்ரட்டீஸ். அதன் பரப்பு நான்கு சதுர அடி. இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்டார். நான்கு அடி என்று சிறுவன் சட்டென்று சொன்னான். வரைந்து பாருங்கள்: பதினாறு வந்துவிடும். பிறகு மூன்று அடி என்றான், ஒன்பது வந்தது. இப்போது சிறுவன் தெரியாது என்று ஒப்புக்கொண்டான். இதனால் அவனுக்கு நஷ்டமில்லை, லாபமே என்கிறார் சாக்ரட்டீஸ். ஏனெனில் தெரியும் என்றிருந்தவரையில் அவன் தேடவில்லை, இனித்தான் தேடுவான். மேலும் சில கேள்விகளுக்குப்பின், மூலைக்கு மூலை இழுத்த கோடே வேண்டிய பக்கம் என்று சிறுவன் கண்டுகொண்டான். அந்தக் கோட்டின்மேல் சதுரம் கட்டினால் சரியாக எட்டு. பிறக்குமுன்பே ஆன்மா கற்றிருந்ததை நினைவுகூர்கிறது என்று இதற்குச் சொல்லப்பட்ட விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. சிறுவன் கண்டது கண்டதுதான்.

அதே உரையாடலில் இன்னொரு உவமை வருகிறது. லாரிஸா ஊருக்கு வழி அறிந்தவனும் ஊர்போய்ச் சேருவான். அறியாமல் சரியாக ஊகித்தவனும் போய்ச் சேருவான். அப்படியானால் அறிவு எதற்கு? தைதலஸ் என்ற சிற்பி செய்த சிலைகள் கட்டி வைக்காவிட்டால் ஓடிப்போய்விடும் என்பது கிரேக்கர் கதை. சரியான அபிப்பிராயமும் அப்படித்தான். ஏன் என்னும் காரணத்தால் கட்டப்பட்டால்தான் அது அறிவாகி நம்மிடம் தங்கும். வாய்ப்பாட்டைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளை, கணக்கைச் சற்று மாற்றிக் கேட்டதும் விழிப்பதைப் பார்த்த பெற்றோருக்கு இது எளிதில் விளங்கும்.

ஓரிடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. நன்மையை மெய்யாக அறிந்தவன் தீமை செய்யமாட்டான், தவறெல்லாம் அறியாமையே என்றார். தீமை என்று நன்றாய்த் தெரிந்தே அதைச் செய்கிறவர்களில் நாமும் இல்லையா? அரிஸ்டாட்டிலும் இதை மறுத்திருக்கிறார்.

கேள்வி கேட்டதனால் பகைவர் பெருகினர். கி.மு. 399-ல், நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை, வாலிபரைக் கெடுத்தார் என்று மெலேத்துஸ், அனித்துஸ், லீக்கோன் மூவரும் வழக்குத் தொடுத்தார்கள். சுமார் 500 நடுவர்கள். முப்பது பேர் மாறி வாக்களித்திருந்தால் விடுதலையாகியிருப்பார். கேள்வி கேட்பதை விட்டுவிட அவர் இணங்கவில்லை. சாவுக்கு அஞ்சுவதுகூட, தெரியாததைத் தெரிந்ததாக எண்ணுவதே என்று நடுவர்களுக்கு விளக்கினார். சாவு தீமையென்று கண்டு வந்தவர் யார்? அநீதி செய்வது தீமை என்பதோ அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் முப்பது கொடுங்கோலர் ஆண்டபோது, குற்றமற்ற லியோன் என்பவரைக் கொல்வதற்குப் பிடித்துவர ஐவரை ஏவினார்கள். நால்வர் போனார்கள். சாக்ரட்டீஸ் தம் வீட்டுக்குப் போய்விட்டார்.

தேலோஸ் தீவுக்குப் புனித யாத்திரை சென்ற கப்பல் திரும்பும்வரை மரணதண்டனை தள்ளிவைக்கப்பட்டது. கிரித்தோன் என்ற பழைய நண்பர் சிறையிலிருந்து தப்ப வழி செய்தும் அவர் மறுத்தார். கடைசி நாளில் நஞ்சைக் குடித்து, சற்று நடந்து, கால்கள் கனத்ததும் படுத்து முகத்தை மூடிக்கொண்டார். பின்பு துணியை விலக்கி, மருத்துவ தெய்வமாகிய அஸ்கிளேப்பியுஸுக்கு ஒரு சேவல் கடன் இருப்பதாகவும், மறவாமல் செலுத்தும்படியும் கிரித்தோனிடம் கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது எழுபது.