அச்சத்தைக் கலையாக்கிய ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்

திரையில் காண்பது பொய்யென்று அறிந்தும் நாம் மூச்சடக்கி அமர்ந்திருக்கின்றோமே, அஃது எதனால்? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் வாழ்வை அறிதல் நலம்.

1899 ஆகஸ்ட் 13ஆம் நாள், இலண்டனை அடுத்த லேட்டன்ஸ்டோனில், காய்கனி வணிகர் ஒருவரின் கடைசி மகவாக அவர் பிறந்தார். சிறுவயதில் தந்தை ஒரு சீட்டைக் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்ப, அங்கே தம்மைச் சில நிமிடம் அறையில் பூட்டிவைத்தனர் என்று அவர் பலமுறை கூறியதுண்டு. காவலரிடம் கொண்ட அச்சம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. குற்றமற்றவன் குற்றவாளியெனத் துரத்தப்படும் கதையை அவர் மீண்டும் மீண்டும் எடுத்தமைக்கு வேர் இதுவெனக் கருத இடமுண்டு.

ஊமைப் படங்களுக்கு எழுத்தட்டை வரைபவராகத் திரைத்துறையுள் நுழைந்த அவர், படத்தொகுப்பில் வல்ல ஆல்மா ரெவில் என்னும் நங்கையை 1926இல் மணந்தார்.

1936இல் வெளிவந்த 'சபட்டாஜ்' அவருக்குப் பெரும் பாடமாயிற்று. அப்படத்தில் சிறுவன் ஒருவன், வெடிகுண்டு என்றறியாமல் ஒரு பொதியைச் சுமந்து செல்கின்றான். அவன் அறியான், நாம் அறிவோம். வழியில் அவன் தாமதிக்குந்தோறும் நம் நெஞ்சு பதறுகின்றது. ஈற்றில் குண்டு வெடித்துச் சிறுவன் மாண்டான். பார்த்தோர் சினந்தனர், அது பிழையென்று ஹிட்ச்காக்கும் பின்னர் ஒப்புக்கொண்டார். எதிர்பாராது வெடிக்கும் குண்டு தருவது நொடிப்பொழுது அதிர்ச்சியே. வெடிக்குமென முன்னரே அறிந்த குண்டோ நெடுநேரம் நம்மைக் கட்டிப்போடும். ஆயினும் அவ்வளவு நேரம் பதறிய உள்ளத்துக்கு இறுதியில் ஆறுதல் வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. மறைப்பதனால் அன்று, அறிவிப்பதனாலேயே பதைப்புப் பிறக்கின்றது. அப்பதைப்பின் உயிர் பாத்திரத்தின்மீது நாம் கொள்ளும் பரிவு.

1939இல் அமெரிக்கா சென்றார். 'ரெபெக்கா' 1940ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றது. 1960இல் வந்த 'சைக்கோ'வில், கதைத்தலைவியெனக் கருதப்பட்டவளைப் பாதிக்கு முன்பே கொன்று, தாம் வகுத்த மரபைத் தாமே மீறினார். அக்குளியலறைக் காட்சியில் கத்தி பாய்வதைவிட, பெர்னார்ட் ஹெர்மனின் வயலின் ஓசையே நம்மை மிகுதியும் நடுங்கச் செய்கின்றது.

சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் விருதுக்கு ஐந்துமுறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறையேனும் அவர் அதைப் பெற்றாரில்லை. 1979இல் வாழ்நாள் சாதனை விருது பெற்ற மேடையில், படத்தொகுப்பாளர், கதையாசிரியர், தம் மகளின் தாய், சமையலில் வல்லவர் என நால்வருக்கு நன்றி கூறினார். நால்வரும் ஆல்மா ஒருவரே! 1980 ஏப்ரல் 29ஆம் நாள் அவர் மறைந்தார்.

உலகை அஞ்சவைத்தவர் தாமும் அஞ்சியவரே. தம் அச்சத்தை மறையாது கலையாக்கியமையால், அவர் படங்கள் இன்றும் நம் நெஞ்சைப் பற்றுகின்றன.